லாரிக்காரரின் மண்ணீரல்

அந்த டாக்டரம்மாவின் எதிரில் "இல்லை" என்று சொல்லிவிட்டு யாரும் உடனே நகர்ந்துவிட முடியாது. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நானே பார்த்தேன். அவர் கேட்ட ஏதோ ஒரு ரசாயனம் இல்லை என்றார் கடைக்காரர்.

"எங்க தேடினீங்க?"

"தேடவே வேணாம்மா. எனக்குத் தெரியும், இல்ல."

"அப்ப நீங்க தேடலை. அந்த மேல் தட்டுல பாருங்க. நான் நிக்கிறேன்."

கடைக்காரர் ஏணி போட்டு ஏறினார். கிடைக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. "இப்ப இல்லைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் மொபெட்டை மிதித்துக் கிளப்பினார். ஏணியில் நின்றபடியே கடைக்காரர் என்னைப் பார்த்து, "இந்தம்மா வீட்டுல இருக்கிறவங்க பாவங்க" என்றார். டாக்டரம்மாவின் வீட்டில் அவரைத் தவிர யாரும் கிடையாது. அதை நான் சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடம் அவர் பொறுப்பில் இருந்தது. நோயாளியின் நாடியைப் பிடிக்கிற டாக்டர் அல்ல. நோயாளியிடமிருந்து எடுத்த ரத்தத்தையும் சதையையும் பார்த்துச் சொல்கிறவர். பாலக்கரையில் மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு. செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுவார். தொலைந்த பொருளை அந்தோணியார் கண்டுபிடித்துத் தருவார் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. டாக்டரம்மா அதை ஒரு திருத்தத்தோடு நம்பினார். "அவர் தேடித் தருவார். எந்த ரூம்லன்னு நாமதான் சொல்லணும்."

அவர் எழுதும் ரிப்போர்ட்டுகளும் அப்படித்தான் இருக்கும். மற்றவர்கள் ஒரு சொல்லில் முடிப்பதை அவர் இரண்டு வரி எழுதுவார். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று எழுத மாட்டார். காலையில் எடுத்த சளியில், இத்தனை கண்ணாடித் துண்டுகளில் பார்த்த வரையில் இல்லை என்று எழுதுவார். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒருநாள் அந்தத் தாளை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"என்னம்மா இது, ரிப்போர்ட்டா, கோர்ட்டுல சொல்ற சாட்சியா?"

"சாட்சிதானே சார் நான். பார்த்ததைத்தான் சொல்ல முடியும்."

நான் அவரிடம் போய்ச் சேர்ந்த காரணத்தையும் எழுத வேண்டும். அப்போது எனக்கு முப்பது வயது ஆகவில்லை. திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்பை ஒட்டிய ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்ரீரங்கத்தில் அம்மாவும் நானும். அப்பா இல்லை. அந்த வேலை ஒன்றுதான் எங்களுக்கு ஆதாரம்.

வெயிலில் நின்றால் கன்னம் இரண்டும் சிவந்து தடித்துவிடும். மறுநாள் காய்ச்சல் வரும். விரல் மூட்டுகள் வீங்கி, சாக்கட்டியைப் பிடிக்க முடியாது. வாயில் எச்சிலே ஊறாது. இட்லியைத் தண்ணீர் விட்டு விழுங்குவேன். எங்கள் தலைமையாசிரியைக்கு ஒரு விதி உண்டு: காலைப் பிரார்த்தனைக்கும் மாலை டிரில்லுக்கும் எல்லா டீச்சர்களும் மைதானத்தில் நிற்க வேண்டும். நான் குடையோடு போய் நின்றேன். "வெயில் பட்டா கறுத்துடுவோம்னு பயமா டீச்சர்? மாப்பிள்ளை பார்க்கறாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளைகளுக்கு நான் குடை டீச்சர் ஆனேன்.

விலக்குக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். நிர்வாகம் மூன்று டாக்டர்கள் கொண்ட ஒரு மருத்துவக் குழுவிடம் என்னை அனுப்பியது. அவர்கள் என் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. "உடலில் நோயில்லை. மனநல ஆலோசனை தேவை" என்று குழுத் தலைவர் எழுதினார். கோடை விடுமுறைக்குள் குழு மறுபடி கூடும். அதற்குப் பிறகும் நான் மைதானத்துக்கு வர மறுத்தால் வேலை போகும். நான் பொய் சொல்கிறவள் அல்லது புத்தி பேதலித்தவள். இரண்டில் எது என்பதை மட்டும் அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

யாரோ சொல்லி டாக்டரம்மாவிடம் போனேன். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"இல்லைன்னு போட்டிருக்கு. எதுல இல்லை?"

"தெரியலீங்க டாக்டர்."

"எலியோட ஈரலை மெல்லிசா சீவி, அது மேல உங்க ரத்தத்தோட தெளிநீரை ஊத்திப் பார்ப்பாங்க. ஒட்டிக்கிட்டா நோய் இருக்குன்னு அர்த்தம். ஒட்டலை. எலி ஈரல்ல ஒட்டலை, அவ்வளவுதான். அதுக்கு மேல இந்தப் பேப்பருக்கு ஒண்ணும் தெரியாது."

பிறகு பொறுமையாக விளக்கினார். கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் சிலருக்குச் சொந்த உடம்பின் மேலேயே திரும்பிவிடுகின்றன. உடம்பின் செல்லுக்குள் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் இருக்கின்றன. அதில் ஏதோ ஒன்றைத் தேடிப் போய்ப் பிடிக்கின்றன. பிடிக்கிற மூலக்கூறு ஆளுக்கு ஆள் வேறு. அதைப் பொறுத்து நோயும் வேறு. "உங்க ரத்தம் எதைப் பிடிக்குதுன்னு கண்டுபிடிச்சாத்தான் உங்களுக்கு என்னன்னு சொல்ல முடியும். கை கொடுங்க." ஊசியைக் குத்தினார்.

இந்தப் பிடிவாதம் எப்போதும் நல்லதாக இருந்தது என்று நான் எழுதினால் அது சரியாக இருக்காது. அதே ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் தம்பி முக்கொம்பில் குளிக்கப் போய்த் தண்ணீரோடு போய்விட்டான். மூன்றாம் நாள் மாலை தேடப் போனவர்கள் திரும்பி வந்து, கிடைக்கவில்லை என்று கைவிரித்தார்கள். வீடு நிறைய ஆட்கள். டாக்டரம்மா எழுந்து, "எங்கெங்க தேடினீங்க? கொள்ளிடத்துப் பக்கம் எதுவரைக்கும் போனீங்க?" என்று கேட்டார். அழுகை ஒரு நொடி நின்றது. தாயின் முகத்தில் ஓர் ஆசை வந்து போனது. அதை நர்ஸ் பார்த்தாள். பையன் பிறகும் கிடைக்கவில்லை. அந்த நர்ஸ் வெகு காலம் டாக்டரம்மாவோடு பேசவில்லை. "நீங்க அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்று நான் ஒருமுறை சொன்னேன். "இருந்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

எனக்காக அவர் முதலில் தேடியது ஆட்டில். கசாப்புக் கடைக்காரரிடம் சொல்லி வைத்து, குட்டி ஆட்டின் நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு சுரப்பியை வாங்கி வந்து, உப்புத் தண்ணீர் விட்டு அரைத்துச் சாறு எடுத்தார். கண்ணாடித் துண்டின் மேல் கடற்பாசிக் கூழை ஊற்றி உறைய வைத்து ("நம்ம சைனா கிராஸ்தான், சர்க்கரை போடலை, அவ்வளவுதான்"), நடுவில் ஒரு குழியும் அதைச் சுற்றி ஆறு குழியும் குத்துவார். நடுக்குழியில் சாறு. சுற்றுக்குழிகளில் நோயாளிகளின் ரத்தத் தெளிநீர். ஈரப் பஞ்சு வைத்த பெட்டியில் இரண்டு நாள் மூடி வைக்க வேண்டும். சாறும் தெளிநீரும் கூழுக்குள் ஊறி ஒன்றையொன்று நோக்கி வரும். எதிர்ப்பொருள் தான் தேடுவதைச் சாற்றில் கண்டால், சந்தித்த இடத்தில் வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு விழும்.

அம்மாவிடம் இதைச் சொன்னது என் அசட்டுத்தனம்.

"ஏண்டி, உன் ரத்தத்தை ஆட்டுச் சாறோட சேர்த்தாளா அவ?"

"கண்ணாடி மேலதாம்மா."

"எது மேலயானா என்ன? தீர்த்தமாடிட்டு ஆத்துக்குள்ள வா."

கோடு விழவில்லை. மறுபடி ஆடு, மறுபடி அரைப்பு. மின்சாரம் போனால் சாறு கெட்டுப்போகும் என்று ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி வாங்கி வந்து, சாக்கு சுற்றி, மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். அப்போதும் விழவில்லை. குழு கூடச் சில வாரங்களே இருந்தன. ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். களைத்திருந்தார். கண்ணாடித் துண்டைக் கையில் கொடுத்தார்.

"இல்லை டீச்சர்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் தனியாக வந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். எலி ஈரல் தாளை என் கண்ணெதிரில் கிழிக்காத குறையாகப் பேசியவர். நான் எழுந்தேன். கதவு வரை போனேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"எங்க தேடினீங்க டாக்டர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆட்டுல."

"நான் ஆடா?"

அங்கே மேசை துடைத்துக்கொண்டிருந்த ஆயா துணியை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவங்க எலியில தேடினாங்க, நான் ஆட்டுல தேடினேன். மனுஷ நோயை மனுஷன்ல தேடணும்னு ரெண்டு பேருக்கும் தோணலை பாருங்க" என்றார். "போங்க, வீட்டுக்குப் போங்க. எனக்கு வேலை இருக்கு."

கப்பலில் மாதக் கணக்கில் தாமதமாக வரும் வெளிநாட்டு மருத்துவ இதழ்கள் ஆஸ்பத்திரி நூலகத்தில் கட்டிக் கிடந்தன. அவற்றைப் பிரித்துப் படித்திருக்கிறார். எலியில் காட்டாத ஒரு வகை எதிர்ப்பொருள், மனித மண்ணீரலின் சாற்றில் கோடு போடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். மனித மண்ணீரலுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு, வையம்பட்டிக்காரர் ஒருவர் தம் லாரியைப் புளியமரத்தில் மோதிப் பதில் சொன்னார். வயிற்றில் அடிபட்டு மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுத்து எடுத்தார்கள். எடுத்த எந்த உறுப்பும் சோதனைக்கு டாக்டரம்மாவிடம்தான் வரும். சோதித்த பின் மிச்சத்தைப் புதைத்துவிடுவது வழக்கம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்றார் அறுவை டாக்டர். டாக்டரம்மா மண்ணீரலை ஐஸில் வைத்துவிட்டு, லாரிக்காரருக்கு மயக்கம் நன்றாகத் தெளியும்வரை காத்திருந்து, கட்டிலருகே போய் நின்றார். நானும் உடனிருந்தேன்.

"அண்ணே, உங்க மண்ணீரலை எடுத்துட்டாங்க."

"சொன்னாங்கம்மா."

"அதை நான் வச்சுக்கலாமா?"

"எதுக்கும்மா? கறி ஆக்கவா?"

"அரைக்கத்தான் போறேன். இந்த டீச்சர் பொய் சொல்றாங்கன்னு சில பேர் சொல்றாங்க. உண்மையான்னு அதை வச்சுப் பார்க்கணும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வலியோடு யோசித்தார்.

"நானே நெறைய பொய் சொல்லியிருக்கேனேம்மா. என்னுது சரியாச் சொல்லுமா?"

"அது சொல்லும்."

"அப்ப எடுத்துக்கங்க. என்னன்னு எனக்கும் வந்து சொல்லணும்."

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடித் துண்டை விளக்குக்கு எதிரே பிடித்து, பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்துக் காட்டினார். என் குழிக்கும் நடுக்குழிக்கும் இடையே வெள்ளையாக, மயிரிழை போல ஒரு கோடு. பக்கத்துக் குழியிலும் ஒன்று. இரண்டும் தனித்தனியாக முடியவில்லை. நடுவில் ஒன்றை ஒன்று தொட்டு, வளைந்து, ஒரே வில்லாக ஆகியிருந்தன.

"இப்படிச் சேர்ந்துட்டா ரெண்டு பேரும் ஒரே பொருளைப் பிடிக்கிறீங்கன்னு அர்த்தம். வேற வேறன்னா ஒண்ணை ஒண்ணு குறுக்கே வெட்டிட்டுப் போகும்."

பக்கத்துக் குழிக்கு உரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னியர் மடத்து சிஸ்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"நீங்களும் பொய்யா டீச்சர்?" என்றார்.

"நானும் பொய்தான் சிஸ்டர்."

"எங்க மடத்து மதர் செத்தப்ப என் கண்ணுல ஒரு சொட்டு வரலை. கல்நெஞ்சுக்காரின்னு மடம் முழுக்கப் பேரு. கண்ணுல தண்ணியே ஊறலைன்னு சொன்னா நம்பறாங்களா? பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொன்னாங்க. கண்ணு காஞ்சதுக்கு என்ன பாவம்னு சொல்றது?"

அந்தப் பொருளுக்கு வெளிநாட்டில் ஒரு பெயர் இருந்தது. முதன்முதலில் யாருடைய ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைக் கண்டார்களோ, அந்த நோயாளியின் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். டாக்டரம்மா அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். "அவங்க ரத்தம் என்கிட்ட இல்லை. பக்கத்துல வச்சுப் பார்க்காம உங்களுது அதுதான்னு எப்படிச் சொல்றது? சிஸ்டருக்கும் உங்களுக்கும் ஒண்ணு. அதுவரைக்கும் தெரியும்." அதனால் எங்கள் மூவருக்குள் அதன் பெயர் லாரிக்காரர் கோடு. இரண்டு வருடம் கழித்து, பல கடிதங்களுக்குப் பிறகு, ஒரு வெளிநாட்டுக் கூடம் அந்த நோயாளியின் தெளிநீரில் சில துளிகளை அனுப்பியது. என் கோட்டோடு அது சேர்ந்த அன்று மொபெட்டில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து, வாசலில் நின்றபடியே, "டீச்சர், இப்ப சொல்லலாம்" என்றார். அம்மா காபி கொடுத்தாள். அந்த டம்ளரை வாசலில் வைத்துக் கழுவினாள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். டாக்டரம்மா அதைப் பார்த்தார். "சோப்பு போட்டீங்களாம்மா? எங்கெங்க தேய்ச்சீங்க?" என்று கேட்டார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிற்பாடு அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தம் தங்கையிடம் வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் தலைமையாசிரியையாகி, இன்றும் தண்ணீர் பாட்டிலும் குடையுமாக நடக்கிறேன். அவரை நினைக்கும்போது பாலக்கரையோ பரிசோதனைக் கூடமோ முதலில் வருவதில்லை. குழு மறுபடி கூடிய அந்த அறைதான் வருகிறது.

கத்திரி வெயில். கண்டோன்மெண்டில் ஓர் அலுவலக அறை. எங்களோடு சிஸ்டரும் வந்திருந்தார். குழுத் தலைவர் பெரிய அனுபவஸ்தர், வெள்ளைக் கோட்டு, ஓயாத மேசை மின்விசிறி. டாக்டரம்மா கொண்டுவந்த கண்ணாடித் துண்டைத் தொடாமலே பார்த்தார்.

"வெளியூர் ரிப்போர்ட் இல்லைன்னு சொல்லுது. நீங்க ஆஸ்பத்திரியில கழிச்சுப் போட்டதை அரைச்சு எடுத்துட்டு வந்து இருக்குன்னு சொல்றீங்க. இது பரிசோதனையா, சமையலா?"

"ரெண்டுக்கும் அரைக்கணும் சார்."

மற்ற இரு டாக்டர்களில் ஒருவர் இருமி மறைத்தார். தலைவர் விடவில்லை. "யார் ரத்தத்தை ஊத்தினாலும் இந்தக் கோடு வரும். என் ரத்தத்துலயும் வரும்."

"பார்த்துடலாமே" என்று டாக்டரம்மா பையைத் திறந்தார். எல்லாம் தயாராக எடுத்து வந்திருந்தார். "ஆறு குழி இருக்கு. டீச்சர் ஒண்ணு, சிஸ்டர் ஒண்ணு. நீங்க மூணு பேர். இன்னும் ஒரு குழி காலி."

வாசலில் நின்ற பியூனை எல்லோரும் பார்த்தார்கள்.

"ஐயா, எனக்கு எதுக்குங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அவர்.

"நல்லா இருக்கிறவங்கதான் வேணும்" என்றார் டாக்டரம்மா.

தம்மோடு இருந்த இருவர் முன்னால் தலைவரால் மறுக்க முடியவில்லை. கோட்டுக் கையை மடித்தார். ரத்தம் உறைந்து தெளிநீர் பிரிந்ததும் அதை ஊற்றும் வேலையையும் டாக்டரம்மா அவரிடமே கொடுத்தார். எந்தக் குழியில் யாருடையது என்பதை அவரே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். டாக்டரம்மா திரும்பி நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி தலைவரின் அலமாரியில் பூட்டப்பட்டது. "வெயில் காலம் சார். பஞ்சு காய்ஞ்சா கூழ் வெடிச்சிடும். நாளைக்குக் கொஞ்சம் தண்ணி தெளிச்சுடுங்க" என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தார். பஸ் ஸ்டாப்பில் நான், "அவர் வேணும்னே தெளிக்காம விட்டுட்டா?" என்று கேட்டேன்.

"விட மாட்டார். அதுல அவர் ரத்தமும் இருக்கே."

இரண்டு நாள் கழித்துப் போனபோது பஞ்சு நன்றாக நனைந்திருந்தது. தேவைக்கு மேலேயே நனைந்திருந்தது. டாக்டரம்மா கண்ணாடித் துண்டை விளக்குக்கு எதிரே பிடித்தார். என் வேலையும் பெயரும் அந்த ஆறு குழிகளுக்கு நடுவில் இருந்தன. நான் விளக்கைப் பார்க்கவில்லை. அவர் விரலைப் பார்த்தேன்.

"இதுவும் இதுவும்" என்றார். "ரெண்டும் சேர்ந்திருக்கு. மத்த நாலும் சுத்தம்."

தலைவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார்.

"டீச்சர். சிஸ்டர்" என்றார்.

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து என் ஃபைலை இழுத்தார். "நோய் இருக்கலாம்னு எழுதிடறேன். அது போதும் உங்களுக்கு."

எனக்கு அது போதும். தலையாட்டப் போனேன். டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருக்கலாம்னா பள்ளிக்கூடத்துல இல்லைன்னு படிப்பாங்க சார். எலி ஈரலில் இல்லை, மனித மண்ணீரலில் இருக்கிறதுன்னு எழுதுங்க. முன்னால எழுதினதை அடிச்சுட்டு எழுதுங்க."

மின்விசிறி ஒரு சுற்றுத் திரும்பி வந்தது. தலைவர் பழைய வரியைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தார். "உடலில் நோயில்லை" என்ற சொற்கள் அதன் கீழே தெரிந்தன. புதிய வரியை எழுதத் தொடங்கினார். வெயிலில் நிறுத்தக் கூடாது என்ற வரிக்கு வந்தபோது, தலை நிமிராமல், ஏதோ பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டார்:

"அப்ப எங்க நாலு பேருக்கும் ஒண்ணும் இல்லையே?"

டாக்டரம்மா பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"இந்த லாரிக்காரர் மண்ணீரல்ல இல்ல சார். வேற எங்கயும் நான் தேடலை."

பியூன் கதவைப் பிடித்துக்கொண்டார். தலைவரின் பேனா நின்றது. இடது கையை விரித்து, விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு எழுதி முடித்தார்.